அண்ணன் லேகியம்

இட்லியைப் பார்த்து ஒரு மனிதன் எவ்வளவு நேரம் சிரிக்க முடியும்? என் வீட்டுக்காரர் சேகர் ஒரு தீபாவளிக் காலையில் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அதே கூடத்தில், அதே பொருளை அதே அளவு தின்றுவிட்டு நான் செத்துக்கொண்டிருந்தேன். செத்துக்கொண்டிருந்தேன் என்பதை டாக்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான்.

இது நடந்தது எண்பதுகளின் கடைசியில். இன்னமும் கல்யாண வீடுகளில் யாராவது என்னை ஓரமாக இழுத்து, "உனக்கு அப்ப என்னதான்டி ஆச்சு? மருந்தைக் குடிச்சிட்டியாமே?" என்று குசுகுசுக்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது. நான் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவள். ஒரு தரம் அடித்து வைத்துவிட்டால் தொல்லை விட்டது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டு ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். சேகர் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நாங்கள் இருந்தது மேற்குத் தாம்பரத்தில், வாடகை வீடு. கல்யாணமாகி மூன்றாவது வருஷம், குழந்தை இல்லை. மாமியார் முடிச்சூரில் மூத்த மகன் மணி மாமாவோடு இருந்தார். நிலத்தை விற்ற பணத்தில் மணி மாமா லாரி வாங்கி, திரிசூலம் பக்கம் கல் குவாரிகளுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கஸ்தூரி அக்கா. ஓரகத்தி என்று பேர்தான், நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டாள்.

அவளைப் பற்றி எனக்குக் கல்யாணமான வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். "அவ கொஞ்சம் ஒரு மாதிரிம்மா" என்றார் அத்தை. கல்குட்டையில் விழுந்து செத்துப்போன முனியம்மா என்கிற ஒருத்தி அவளைப் பிடித்துக்கொண்டாளாம். கை கால் வெலவெலத்து, கண் சிவந்து, "நான் சாகப்போறேன், சாகப்போறேன்" என்று கத்துவாளாம். குன்றத்தூர்ப் பக்கம் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடித்தார்களாம். "உம் பேரு இன்னா, சொல்லு" என்று பூசாரி போட்ட போட்டில் அவளே "முனியம்மா" என்று ஒப்புக்கொண்டாளாம். இதை அத்தை சொல்லும்போது எல்லாரும் சிரித்தார்கள். புதுப்பெண்ணான நானும் சிரித்து வைத்தேன்.

இனி லேகியம். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெறும் வயிற்றில் லேகியம் சாப்பிடுவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். சுக்கு, மிளகு, ஓமம், திப்பிலி, வெல்லம், நெய். அன்றைக்குத் தின்னப்போகிற பலகாரத்துக்கெல்லாம் முன்ஜாமீன். வருஷா வருஷம் அத்தை கிளறுவார், எங்களுக்கும் ஒரு டப்பா வரும். அந்த வருஷம் முந்தின நாள் சரியான மழை. முடிச்சூர் வரைக்கும் நனைந்துகொண்டு போவானேன், அண்ணன் ஷெட்டில் கொண்டுவந்து வைத்திருப்பார் என்று சேகர் லாரி ஷெட்டிலேயே நின்றுவிட்டார். அண்ணன் இல்லை. லோடு ஏற்றுகிற ஆள் ஒருவன்தான் இருந்தான்.

"அண்ணன் லேகியம் இருக்குதாப்பா?" என்று இவர் கேட்டிருக்கிறார். அண்ணன் கொடுக்கச் சொன்ன லேகியம் என்பது இவர் அர்த்தம்.

"அண்ணன் லேகியமா? இன்னா சார், நீயுமா!" என்று அவன் பல்லைக் காட்டியிருக்கிறான். லாரி சீட்டுக்கு அடியில் கையை விட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு உருண்டையை எடுத்துக் கொடுத்தானாம். "பாத்து துன்னு சார். சுண்டக்கா அளவு போதும்."

அட, லாரி சீட்டுக்கு அடியிலிருந்து வருகிற லேகியம் என்ன லேகியம் என்று ஒரு மனுஷன் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சுண்டைக்காய்க் கதையை மட்டும் என்னிடம் சொன்னார். "சுண்டைக்காயா? லேகியம்னா நெல்லிக்காய் அளவு. அவனுக்கு என்ன தெரியும்?" என்று நானும் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, கையில் நெய் தொட்டு, இரண்டு நெல்லிக்காய் உருண்டை பிடித்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. நிறம் கொஞ்சம் பச்சையாக இருந்தது. இஞ்சிக் காரத்துக்கு நடுவே புல் வாசனை அடித்தது. இந்த வருஷம் அத்தைக்குக் கைப்பக்குவம் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு முழுங்கினேன்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு சேகர் தட்டிலிருந்த இட்லியைப் பார்த்துச் சிரித்தார். "பாரேன், எவ்ளோ வெள்ளையா இருக்கு!" என்றார். சிரித்துக்கொண்டே ஒரு ஈடு இட்லியையும் காலி பண்ணிவிட்டு அதிரசத்துக்குக் கை நீட்டினார். எனக்கு நாக்கு ஒட்டடை மாதிரி வறண்டுவிட்டது. தண்ணீர் குடித்தேன், விழுங்கிவிட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. பரீட்சை ஹாலில் ஹையர் ஸ்பீடு பேப்பரை ஐம்பது மிஷினில் ஒரே நேரத்தில் அடிப்பார்கள் பாருங்கள், அந்தச் சத்தம் என் மார்புக்குள் கேட்டது. தெருவில் வெடித்த ஒவ்வொரு லட்சுமி வெடியும் எனக்கு உள்ளேதான் வெடித்தது. எழுந்து நின்றேன், கண் இருட்டி விழுந்துவிட்டேன்.

விழுந்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த பயம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது? ஏதோ ஒன்றுக்குப் பயப்படுகிற பயமில்லை. பயம் மட்டும் தனியாக வந்து என்மேல் உட்கார்ந்துகொண்டது. என் கையைப் பார்த்தால் வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. "நான் சாகப்போறேன்" என்று கத்தினேன். சேகர் "எங்க போற?" என்று கேட்டு, அதற்கும் சிரித்தார்.

பக்கத்து வீட்டு அம்மாதான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். போகிற வழியில் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டான். இந்தப் பக்கம் நான் நுரை தள்ளாத குறையாகக் கிடக்கிறேன், சேகர் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஆட்டோக்காரர் திரும்பி, "யோவ், பொஞ்சாதி போய்க்கினு கீது, இன்னாய்யா இளிக்கிற?" என்று அதட்டினார். அவரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கேட் திறந்ததும் அப்படி ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் பட்டாசுக் காயம் பட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டியூட்டியில் ஒரு இளம் லேடி டாக்டர். நாடியைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "என்ன சாப்பிட்டாங்க?" என்று சேகரைக் கேட்டார்.

"லேகியம் டாக்டர். எங்கம்மா செஞ்சது. நானும்தான் சாப்ட்டேன்" என்று சொல்லி சேகர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

இளம் மனைவி, கல்யாணமாகிச் சில வருஷம், பிள்ளை இல்லை, வாய் உலர்ந்து, கண் சிவந்து கிடக்கிறாள். புருஷன் சிரிக்கிறான். நீங்கள் அந்த டாக்டராக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? விஷம் என்றுதான் நினைத்தார்கள். அவளாகக் குடித்தாளா, இவன் கொடுத்தானா என்பதுதான் சந்தேகம். மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாயை விட்டுத் தண்ணீர் ஊற்றி ஊற்றி எடுத்தார்கள். வயிறு கழுவுவது என்று இதற்குப் பெயர். அதை அனுபவித்தவர்கள் எதிரிக்கும் வேண்டாம் என்பார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது. மார்பில் களிம்பு தடவிக் கிண்ணங்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் அடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரைகிற மெஷின் அது. கோடுகள் நெருக்கி அடித்துக்கொண்டு நின்றன. சாயங்காலத்துக்குள் போலீஸ்காரர் ஒருவர் வந்து சேகரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குள் சேகருக்குச் சிரிப்பு போய்த் தூக்கம் வந்துவிட்டது. எழுப்பி எழுப்பித்தான் கேள்வி கேட்டாராம்.

மறுநாள் சேகர் சுத்தமாகத் தெளிந்துவிட்டார். நல்ல பசி, நல்ல தூக்கம், தலை மட்டும் கொஞ்சம் கனம். எனக்குத் தெளியவில்லை. எழுந்து உட்கார்ந்தால் நெஞ்சு ஓடியது, நின்றால் பிரஷர் இறங்கிக் கால் துவண்டது. பயம் அலையலையாக வந்தது. அழுதேன், ஏன் அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். வயிற்றிலிருந்து எடுத்த தண்ணீரில் பூச்சிமருந்து வாசனை எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அப்படியானால் லேகியமா என்று அவர் கேட்க, அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்த அத்தைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் லேகியத்துல இன்னா கீது? ஊரே துன்னுது!" என்று மணி மாமாவோடு வீட்டுக்குத் திரும்பிப்போய், டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, டாக்டர் முன்னாலேயே ஒரு உருண்டை வாயில் போட்டு மென்று காட்டினார். பெரிய டாக்டரும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தார். அருமையான லேகியம். அதோடு லேகியம் விடுதலை.

"அதே லேகியத்தை ஹஸ்பெண்டும் சாப்பிட்டிருக்கார், அவருக்கு ஒண்ணும் ஆகலை" என்றார் பெரிய டாக்டர். "அப்போ இது உடம்பு இல்ல, மனசு. நாளைக்குக் காலையில கீழ்ப்பாக்கத்துக்கு எழுதிக் கொடுத்துடறேன்."

மெட்ராஸில் கீழ்ப்பாக்கம் என்றால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அது மனநோயைக் குணப்படுத்துகிற இடம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் போய்விட்டு வந்தவளுக்கு ஊர் வைக்கிற பேர் போகாது. டைப் கற்றுக்கொள்ள எந்த அப்பா தன் பெண்ணை என்னிடம் அனுப்புவார்? சேகரையோ போலீஸ் விடவில்லை, "அவ மனசு நோகிற மாதிரி என்னய்யா பண்ணின?" என்று புதுக்கேள்வி ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும்விட மோசம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே, எனக்கு மட்டும் ஏன்? நிஜமாகவே கழன்றுவிட்டதோ? கட்டிலின் இரும்புக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு a, s, d, f என்று விரல்களால் அடித்துப் பார்த்தேன். விரல் தப்பாமல் போனது. அதை நம்பிக்கொண்டு கிடந்தேன்.

இதற்கிடையில் மணி மாமா வராந்தாவில் சேகரை ஓரம் கட்டி, "நீ எங்கடா வாங்கின லேகியம்?" என்று கேட்டிருக்கிறார். "உன் ஷெட்லதான்" என்றதும் முகம் செத்துவிட்டதாம். "த பாரு, ஷெட்டு கிட்டுன்னு வாயத் தொறக்காத. போலீஸ் கேட்டா அம்மா லேகியம்னே சொல்லு. எல்லாருக்கும் பேஜாராப் பூடும்" என்றாராம். சேகருக்கு விஷயம் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. சின்ன வயதிலிருந்து அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத ஆள். வாயை மூடிக்கொண்டார்.

அன்று பார்வையாளர் நேரத்தில் கஸ்தூரி அக்கா ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்தாள். கட்டில் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். என் கண் சிவப்பை, கை நடுக்கத்தை. பிறகு ஸ்டூல்மேல் அத்தை பெருமையாக வைத்துவிட்டுப் போயிருந்த லேகிய டப்பாவைப் பார்த்தாள்.

"விஜயா, இந்த டப்பா எப்படி இங்க வந்துச்சு?"

"அத்தை கொண்டாந்தாங்க."

"இது உங்களுக்குன்னு நான் எடுத்து வச்ச டப்பா. தீபாவளி அன்னிக்கும் எங்க வூட்டு அலமாரிலதான் இருந்துச்சு. நீங்க வந்து வாங்கவே இல்லியே. அப்ப நீ துன்னது எது?"

மூடி மறைத்த மணி மாமாவை விட்டால், எல்லாரும் லூசு என்ற ஒருத்திக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றியது. ரெண்டு டாக்டர், ஒரு போலீஸ்காரர், லேகியம் கிளறின அத்தை, எவருக்கும் தோன்றவில்லை. நான் தட்டுத்தடுமாறி ஷெட், லோடு ஆள், சுண்டைக்காய் என்று சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "பச்சப் புல்லு வாசன அட்ச்சுதா?"

நான் தலையாட்டினேன். அவள் நேரே நர்ஸிடம் போய் டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். பெரிய டாக்டர், லேடி டாக்டர் இருவரும் வந்தார்கள். பின்னாலேயே மணி மாமாவும் சேகரும். கஸ்தூரி அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், அவ துன்னது கஞ்சா லேகியம்" என்றாள்.

"ஏய், மூட்றி! லூசு அது சார், அது பேச்சக் கேக்காதீங்க" என்று மணி மாமா பாய்ந்தார்.

அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அண்ணி சொல்றது நிஜம் சார். ஷெட்லதான் வாங்கினேன். அண்ணன் லேகியம்னு கேட்டேன், குடுத்தான்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பெரிய டாக்டர் விடவில்லை. "சரிம்மா, இவரும்தானே சாப்பிட்டார்? இவருக்கு ஏன் ஆகலை?"

"எங்க வூட்டுக்காரரும்தான் தெனம் துன்றாரு சார். சிரிப்பாரு, பானை சோத்த துன்னுவாரு, தூங்குவாரு. எனக்கு மாசாமாசம் வயித்து வலின்னு அதையே உருட்டிக் குடுத்தாரு. எனக்குத்தான் நெஞ்சு ஓடுச்சு, எனக்குத்தான் சாவு கண்ணுல தெரிஞ்சுது. துன்றத நிறுத்தி ரெண்டு வருசம் ஆவுது, ஒரு தபா கூட வரல. அவருக்கு ஒண்ணும் ஆவலன்னா எனக்கும் ஒண்ணும் ஆவலன்னு யாரு சார் சொன்னது?"

சேகர் சிரித்ததும், ஒரு ஈடு இட்லி தின்றதும், தூங்கி வழிந்ததும் அப்போதுதான் டாக்டர்களுக்குக் கணக்கில் வந்தது. அவருக்கும் ஆகியிருந்தது, வேறு மாதிரி ஆகியிருந்தது.

லேடி டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னதை, புரிந்த மட்டும் எழுதுகிறேன். கஞ்சாவில் உள்ள சத்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பெண் உடம்பில் கொழுப்பின் பங்கு பொதுவாகக் கூட. அது அங்கே போய்த் தங்கி மெதுவாக இறங்கும். பெண்களுக்கு மாதத்தில் ஏறி இறங்குகிற ஹார்மோன்களும் அதன் வேகத்தைக் கூட்டலாம் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் எனக்கு எத்தனையாவது நாள் என்று வார்டில் எல்லார் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்கினார். ஆணுக்குப் பசியும் சிரிப்புமாகப் போகிற அதே அளவு பெண்ணுக்குப் பயமும் படபடப்புமாக வரக்கூடும். புகையாக இழுத்தால் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும், தின்றால் லேட்டாக ஏறி லேசில் இறங்காது. "எல்லாப் பொம்பளைக்கும் இப்படி, எல்லா ஆம்பளைக்கும் அப்படின்னு இல்ல. ஆம்பளைங்க தப்பிச்சாங்கன்னும் இல்ல" என்றார். "ஆனா எங்க புத்தகத்துல இருக்கறது பெரும்பாலும் ஆம்பளைங்களைப் பார்த்து எழுதினது. அதை வச்சுத்தான் உங்களையும் அளந்தோம்." இதைச் சொல்லும்போது அவர் பெரிய டாக்டரைப் பார்க்கவில்லை, பெரிய டாக்டரும் மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்ப்பாக்கம் ரத்தானது. தெரியாமல் சாப்பிட்டது என்று எழுதி போலீஸுக்கு அனுப்பினார்கள். ஒரு சின்ன ஊசி, நிறையத் தண்ணீர், தூக்கம், இவ்வளவுதான் வைத்தியம். என்ன வந்தது என்று தெரிந்த பிறகு பயம் வந்தாலும் "வா, இறங்கிப் போயிடுவே" என்று சொல்ல முடிந்தது. வாரம் முடியுமுன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மணி மாமா சில மாதம் எங்கள் பக்கமே தலை காட்டவில்லை, ஷெட்டும் கைமாறிவிட்டது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. அன்றைக்கு எல்லாரும் கலைந்த பிறகு லேடி டாக்டர் மட்டும் திரும்பி வந்தார். கஸ்தூரி அக்கா கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க உட்காருங்கம்மா. உங்களையும் பார்க்கணும்."

"நோயாளி நான் இல்ல டாக்டர், இவ."

"தெரியும். உட்காருங்க." ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, புதுச் சீட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். "உங்க பேரு என்னம்மா?"

அக்காவின் கை சட்டென்று இழுத்துக்கொண்டது. தோளைக் குறுக்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அடிக்கு ஒதுங்குகிற ஒதுங்கல் அது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. டாக்டருக்குத் தெரியவில்லை, மெதுவாக மறுபடியும் கேட்டார்.

"கஸ்தூரி" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "அன்னிக்கு பூசாரி கேட்டப்பவும் அதான் டாக்டர் சொன்னேன். கஸ்தூரி, கஸ்தூரின்னுதான் சொன்னேன். அடிய நிறுத்தவே இல்ல."